ஊராட்சிக் கணக்கில் வராத ஊழியர்

கிராமசபையில் வரவு செலவு வாசிக்கும்போது எந்தெந்த இனங்கள் வரும் என்பது தலைவராக இருந்த எவருக்கும் மனப்பாடம். தெருவிளக்கு பல்பு, பைப்லைன் உடைப்பு, போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டியது, பிளீச்சிங் பவுடர், தூய்மைக் காவலர் ஊதியம், மின்கட்டணம். 2020 ஜனவரியிலிருந்து 2025 ஜனவரி வரை வட மாவட்டம் ஒன்றில், மலையடிவாரத்து ஊராட்சிக்குத் தலைவராக இருந்தேன். அந்த ஐந்து ஆண்டுகளில் எங்கள் ஊரில் நடந்த வேலைகளிலேயே கடினமானதைச் செய்தவரின் பெயர் இந்தக் கணக்கில் ஒருமுறைகூட வந்ததில்லை. வருவதற்கு அதில் இடமே கிடையாது.

அவர் ஒரு சமூகப் பணியாளர். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் தொகுப்பூதியத்தில், ஒப்பந்தத்தின் பேரில் இருந்தார். இந்த அலகுகள் மத்திய அரசின் திட்டத்தின் கீழ் மாவட்டம்தோறும் இயங்குகின்றன. ஒரு மாவட்டத்துக்கு அந்தத் திட்டம் ஒதுக்கியிருப்பது இரண்டு சமூகப் பணியாளர்கள், இரண்டு புறத்தொடர்புப் பணியாளர்கள், ஓர் ஆற்றுப்படுத்துநர். தமிழ்நாட்டின் சுமார் 12,500 ஊராட்சிகளைச் சென்னை நீங்கலான 37 மாவட்டங்களுக்குப் பங்கிட்டால் மாவட்டத்துக்கு ஏறக்குறைய 340 ஊராட்சிகள் வரும். மக்கள்தொகையைப் பங்கிட்டால், 2011 கணக்கெடுப்பின்படியே, மாவட்டத்துக்குச் சராசரியாக 19 லட்சம் பேர். அத்தனை பேருக்கும் இரண்டு சமூகப் பணியாளர்கள்.

அவர் செய்த வேலை எப்படிப்பட்டது என்பதைச் சொன்னால்தான் நான் கேட்க வந்தது புரியும்.

எங்கள் பக்கத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்தே பெங்களூருக்கும் ஓசூருக்கும் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் பாட்டி வீட்டில் வளரும். வயதுக்கு வந்த பெண்ணைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போன தாய்க்கு அங்கே தூக்கம் பிடிக்காது. போனில் யாராவது, “உன் பொண்ண பஸ் ஸ்டாண்டுல பாத்தேன்” என்று சொல்லிவிட்டால் போதும், மறுநாளே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை, பயந்தவர்கள். இந்தப் பயத்தைப் புரிந்துகொள்ளாமல் ஜீப்பில் போய் இறங்கி அதட்டினால் அன்றைய கல்யாணம் நிற்கும். அடுத்த வாரம் எல்லை தாண்டி வேறு ஊர்க் கோயிலில் நடக்கும்.

ஒருநாள் சாயங்காலம் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு யாரோ தகவல் சொல்லியிருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடித்த பெண், விடிந்தால் முகூர்த்தம். சமூகப் பணியாளர் எனக்குப் போன் செய்தார். “தலைவரம்மா, நீங்க முன்னாடி போய் எதுவும் பேசிடாதீங்க, நான் வந்துடறேன்” என்றார். கடைசி டவுன் பஸ்ஸில் கூட்ரோடு வரை வந்தார். அங்கிருந்து என் மகன் வண்டியில் அழைத்து வந்தான். கூட வந்த காவலரைத் தெருமுனையிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, நேராகப் போய்ப் பெண்ணின் அம்மாவுக்குப் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்தார்.

சட்டத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பாட்டிக்குக் கண் எப்படித் தெரிகிறது, பெண் ராத்திரியில் எங்கே படுக்கிறாள், பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வர எவ்வளவு நேரமாகும், அந்த வழியில் விளக்கு எரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தத் தாய் அழ ஆரம்பித்த பிறகுதான் பள்ளிக்கூடத்து டி.சி.யை எடுத்து வரச் சொல்லிப் பிறந்த தேதியைப் பார்த்தார். அதற்கும் பிறகுதான் 2006-ஆம் ஆண்டுச் சட்டம், மாப்பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மண்டபக்காரருக்கும் என்ன தண்டனை என்ற பேச்சு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் புடவைக்கும் சமையல்காரருக்கும் கொடுத்த பணத்தைக் கேட்டுச் சத்தம் போட்டார்கள். அந்தப் பஞ்சாயத்திலும் நடு ராத்திரி வரை உட்கார்ந்து ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தார். மறுநாள் பெண்ணைக் குழந்தைகள் நலக் குழு முன்பு அழைத்துப் போனார்கள். பெற்றோர் எழுதிக் கொடுத்தார்கள்.

அரசு அறிக்கையில் இது ‘குழந்தைத் திருமணம் தடுத்து நிறுத்தப்பட்டது’ என்ற கட்டத்தில் ஒரு எண். ஆனால் வேலை அன்றைக்குத்தான் தொடங்கியது. அந்தப் பெண்ணுக்குப் பதினொன்றாம் வகுப்பில் இடம் வாங்க வேண்டும். அரசு மாணவியர் விடுதியில் சேர்க்கச் சாதிச் சான்று வேண்டும். ஆதாரில் அப்பா பெயர் ஒரு மாதிரி, டி.சி.யில் ஒரு மாதிரி இருந்தது. அதைத் திருத்த அலைய வேண்டும். ஊரார் பேச்சுக்குப் பயந்து பெண்ணை ரகசியமாக வேறு இடத்தில் கட்டிக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதாமாதம் அந்த வீட்டுக்கு வந்து போனார். வராத மாதத்தில் போனில் அந்தத் தாயோடு பேசினார். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெண் பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேர்ந்து, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கியபோது, ஊரில் பலர் அந்த ஆயிரத்தைத்தான் பேசினார்கள். அந்த இரண்டு வருஷ நடையைப் பற்றிப் பேச எங்கள் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

இன்னொரு பெண்ணுக்கு இப்படி அமையவில்லை. முன்பு இருந்த பணியாளர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார்; அடுத்தவர் வர மாதங்கள் ஆயின. அந்த இடைவெளியில் பெற்றோர் அவளைக் கர்நாடகத்துக்குள் கொண்டுபோய்க் கல்யாணம் முடித்துவிட்டார்கள். பதினேழு வயதில், வயிற்றில் ஆறு மாதப் பிள்ளையோடு திரும்பி வந்தாள். அப்போது புதிதாக வந்திருந்த பணியாளர்தான் அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். போலீஸ் விசாரணையில் பக்கத்தில் உட்கார்ந்தார். குழந்தை பிறந்த பிறகும் அவள் படிப்பைப் பற்றிப் பேசிய ஒரே ஆள் அவர்தான். ஒரு பணியிடம் காலியாக இருந்தால் அலுவலகத்தில் ஒரு நாற்காலிதான் காலி என்று நினைக்கிறார்கள். அது ஊரில் எந்த வீட்டில் போய் முடிகிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 18 வயதுக்கு முன்பே திருமணமானவர்கள் 2015-16இல் 16.3 சதவீதம். 2019-21இல் 12.8 சதவீதம். இந்த இறக்கத்துக்குப் பெண்களின் படிப்பும் திட்டங்களும் காரணம் என்று சொல்கிறார்கள், உண்மைதான். அந்தத் திட்டங்களை வீட்டுத் திண்ணை வரை கொண்டுவந்து சேர்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கொரோனா காலத்தையும் சொல்லியாக வேண்டும். 2021 மே மாதம், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 5 லட்சம், ஒருவரை இழந்தவர்களுக்கு 3 லட்சம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் இறந்தவர் வேறு மாவட்டத்து மருத்துவமனையில் இறந்திருப்பார். சான்றிதழில் காரணம் எழுதியிருக்காது. பரிசோதனைச் சீட்டு தொலைந்திருக்கும். பிள்ளை சித்தப்பா வீட்டில் இருக்கும், சித்தப்பாவிடம் ஒரு காகிதமும் இருக்காது. கள ஆய்வு என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகிற அந்த வேலைக்காக, முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனவர்கள் இவர்கள். எங்கள் ஊரில் ஒரு பையனுக்கு அந்தக் காகிதங்களைச் சேர்க்க எங்கள் சமூகப் பணியாளர் எத்தனை அலுவலகப் படி ஏறினார் என்பது அந்தப் பையனின் பாட்டிக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

இது இன்றைக்குத் தோன்றிய வேலையும் இல்லை. 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்தது; அதன் வழியாக வட்டார அளவில் கிராம சேவிகாக்கள் வந்தார்கள். எங்கள் அம்மா காலத்தில் ‘சேவிகா அம்மா’ என்றுதான் பெயர். கக்கூஸ் கட்டுவதிலிருந்து பிள்ளைக்கு ஊசி போடுவது வரை சொல்லிக் கொடுத்தவர்கள். காந்திகிராமத்தை 1947-இல் தொடங்கிய டாக்டர் சௌந்தரம் அம்மையார் இப்படிப்பட்ட பெண்களைப் பயிற்றுவித்து ஊர்களுக்கு அனுப்பினார். அதே 1952-இல் சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் சமூகப் பணிக்கென்றே ஒரு கல்லூரியைத் தொடங்கினார். இதற்குப் படிப்பு வேண்டும், பயிற்சி வேண்டும் என்று அப்போதே தெரிந்திருந்தது. அப்படிப் படித்து வருபவரை நாம் எங்கே உட்கார வைக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

சட்டத்தில் இடம் இருக்கிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தத்தோடு சேர்ந்த பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு உரிய 29 பொருள்கள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. பெண்கள், குழந்தைகள் மேம்பாடு அதில் 25-ஆவது. மாற்றுத்திறனாளிகள் நலன் உள்ளிட்ட சமூக நலம் 26-ஆவது. நலிந்த பிரிவினர் நலன் 27-ஆவது. சாலையும் குடிநீரும் எந்த அளவுக்கு ஊராட்சியின் பொறுப்போ அந்த அளவுக்கு இவையும் பொறுப்பு. குடிநீருக்கு டேங்க் ஆபரேட்டர் இருக்கிறார். குப்பைக்குத் தூய்மைக் காவலர் இருக்கிறார். எழுத்து வேலைக்கு ஊராட்சிச் செயலர் இருக்கிறார். 25, 26, 27-க்கு ஊராட்சியில் ஆள் கிடையாது.

சரி, நாமே ஒருவரைப் போட்டுக்கொள்ளலாம் என்றால் பணத்துக்கு வழி இல்லை. 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கும் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டப்பட்டது. மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கு ஏற்பச் செலவு செய்யலாம், ஆனால் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் தொடக்கூடாது என்பது விதி. விதியின் நோக்கம் எனக்குப் புரிகிறது, பணமெல்லாம் சம்பளத்தில் கரைந்துவிடக் கூடாது என்ற எண்ணம். அதன் விளைவு என்னவென்றால், ஒரு ஊராட்சி சிறுபாலம் கட்டலாம், சிமெண்ட் தரை போடலாம். தனியாக விடப்பட்ட கிழவியின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க ஓர் ஆளை வைத்துக்கொள்ள முடியாது.

பக்கத்துக் கேரளத்தில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 2008-இல் அந்த மாநிலம் வலி நிவாரணத்துக்கும் இறுதிக்காலப் பராமரிப்புக்கும் ஒரு கொள்கை வகுத்தது. அதைத் தொடர்ந்து ஊராட்சிகளே தங்கள் திட்டப் பணத்தில் செவிலியரை வைத்துப் படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்க்கச் செய்கின்றன. பஞ்சாயத்தின் வேலைப் பட்டியலில் அந்த வருகையும் ஓர் இனம். இது நடக்கக் கூடியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் நாம் என்ன செய்தோம்? மக்கள் நலப் பணியாளர்களின் கதை எல்லோருக்கும் தெரியும். ஊராட்சிகளில் வேலை பார்க்க அவர்களை ஓர் அரசு நியமித்தது. 1991-இல் நீக்கினார்கள். 1997-இல் திரும்ப எடுத்தார்கள். 2001-இல் நீக்கினார்கள். 2006-இல் எடுத்தார்கள். 2011 நவம்பரில் 13,000-க்கும் மேற்பட்டவர்களை நீக்கினார்கள். நீதிமன்றப் படிகளில் ஆண்டுகள் போயின. 2022-இல் வேலை உறுதித் திட்டத்தோடு இணைத்து மாதம் 7,500 ரூபாய்க்கு மீண்டும் அழைத்தார்கள். இருபது வயதில் சேர்ந்தவர்கள் ஐம்பதைக் கடந்துவிட்டிருந்தார்கள். எந்தக் கட்சி செய்தது சரி என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஊரில் மக்களோடு வேலை செய்கிற ஒருவரின் பிழைப்பு கோட்டையில் ஆட்சி மாறும்போதெல்லாம் மாறும் என்றால், அந்த வேலைக்கு நாம் வைத்திருக்கும் மதிப்பு அவ்வளவுதான் என்று அந்த ஊழியர் எடுத்துக்கொள்வார். அவர் அப்படி எடுத்துக்கொண்டதில் தவறும் இல்லை.

இதைப் பேசும்போதெல்லாம் ஓர் ஆட்சேபம் வருகிறது. “சமூகத் தொண்டுக்குச் சம்பளம் எதற்கு, மனசிருந்தால் செய்யலாமே?” என்பார்கள். மனசு இருப்பவர்கள்தான் இதற்கு வருகிறார்கள். அந்த மனசை வைத்துக்கொண்டு வாடகை கொடுக்க முடியாது. 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது அவர்களுக்குப் பெரிய ஆறுதல். எங்கள் மலைக் கிராமங்களுக்கு டவுன் பஸ் வராது, ஷேர் ஆட்டோதான். அந்தக் காசு அவர் கையிலிருந்து போகிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு அழைத்தால் வர வேண்டிய பெண்ணுக்கு வண்டி இல்லை, திரும்பிப் போக வழி இல்லை, யாராவது கை ஓங்கினால் பாதுகாப்பு இல்லை. சுதந்திர தினத்தன்று மைதானத்தில் ஒரு சான்றிதழும் பொன்னாடையும் கொடுப்பதில் குறை சொல்ல மாட்டேன். கொடுக்கட்டும், அவர்கள் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மாதம் பிறந்தால் ஊதியம் வரும் என்ற நிச்சயத்துக்கு அது ஈடாகாது.

இன்னோர் ஆட்சேபம் கனமானது. அதை எழுப்பியவர் ஒரு சமூகப் பணியாளர்தான். “எங்களைப் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கீழே போட்டுடாதீங்கக்கா” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. குழந்தைத் திருமணம் நடக்கிற வீடு தலைவரின் பங்காளி வீடாக இருக்கலாம். அடிபட்டு வருகிற பெண்ணின் கணவன் வார்டு உறுப்பினராக இருக்கலாம். தலித் பிள்ளைக்கு அநியாயம் நடக்கும்போது ஊரே ஒரு பக்கம் நிற்கலாம். தனித்தொகுதி ஊராட்சியின் தலித் தலைவரே கொல்லப்பட்டதை 1997-இல் மேலவளவில் பார்த்தோம். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் பத்து ஆண்டுகள் தலித் தலைவரைப் பதவியில் நிலைக்கவே விடவில்லை. ஆகவே இந்த ஊழியரை நியமிப்பதும் மாற்றுவதும் ஊராட்சியின் கையில் இருக்கக் கூடாது. நியமனம் மாவட்டத்திடம் இருக்கட்டும். இருப்பிடம் ஒன்றியத்தில் இருக்கட்டும். அறிக்கை கிராமசபைக்கு வரட்டும்.

மாநிலத்தில் இருப்பது 388 ஊராட்சி ஒன்றியங்கள். ஒன்றியத்துக்கு ஒரு பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர், நிரந்தரப் பணியிடத்தில், காலமுறை ஊதியத்தோடு, பயணப்படியோடு. முதல் கட்டமாக இதை மட்டும் கேட்கிறேன். 388 பேர் என்பது ஒரு மாநில அரசு தூக்க முடியாத சுமை இல்லை. இப்போது ஒன்றிய அலுவலகங்களில் இருக்கிற சமூக நல விரிவாக்க அலுவலர்களும் மகளிர் ஊர்நல அலுவலர்களும் திட்டங்களுக்கு மனு வாங்கிச் சரிபார்ப்பதிலேயே மூழ்கியிருக்கிறார்கள். அவர்கள் தலையில் இதையும் ஏற்றினால் இரண்டும் கெடும்.

கூடவே, கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்கு உயிர் கொடுக்க வேண்டும். அதற்கு ஊராட்சித் தலைவர்தான் தலைவர். 2025 ஜனவரி 5-ஆம் தேதி எங்கள் பதவிக்காலம் முடிந்தது, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 2016-இலும் இப்படித்தான், மூன்று ஆண்டுகளுக்கு மேல் தேர்தல் இல்லாமல் ஓடியது. தனி அலுவலரான வட்டார வளர்ச்சி அலுவலர் எத்தனை ஊராட்சிகளின் குழுக்களுக்குத் தலைமை தாங்குவார்? உள்ளாட்சித் தேர்தல் உரிய காலத்தில் நடப்பது சாலை போடுவதற்கு மட்டுமல்ல, ராத்திரியில் அந்தச் சமூகப் பணியாளர் போன் செய்தால் எடுக்க ஊரில் ஒருவர் இருப்பதற்கும் வேண்டும்.

இதற்கெல்லாம் அரசாணை வேண்டும், நிதி வேண்டும், நாளாகும். ஆனால் ஊராட்சிகள் இப்போதே செய்யக்கூடியவை இருக்கின்றன. ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் நடக்கின்றன. அதில் ஒன்றில், நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தன்றே வைத்துக்கொள்ளலாம், சமூகப் பணியாளரை அழைத்து, யார் பெயரையும் சொல்லாமல், இந்த ஆண்டு இந்த ஊரில் என்ன செய்தார் என்று பேச வைத்து, அதைத் தீர்மானப் புத்தகத்தில் அவர் பெயரோடு எழுதலாம். அவர் போன் எண்ணை ரேஷன் கடைச் சுவரிலும் பள்ளிக்கூடச் சுவரிலும் பெயிண்டில் எழுதி வைக்கலாம். ஊராட்சி அலுவலகத்தில் கதவு சாத்திப் பேச ஓர் அறையும் பூட்டுப் போட்ட பீரோவும் கொடுக்கலாம். அவர் கோப்புகளில் இருப்பவை ஊர்ப் பெண்களின், பிள்ளைகளின் ரகசியங்கள். கிளார்க் மேசையில் கிடக்க வேண்டியவை இல்லை. எங்கள் ஊராட்சியில் நூலகத்தை ஒட்டிய சிறிய அறையை அப்படி ஒதுக்கினோம். செலவு என்று பார்த்தால் ஒரு கதவும் சில நாற்காலிகளும்தான். முதல் மாதம் யாரும் வரவில்லை. அப்புறம் புதன்கிழமைகளில் பெண்கள் வரத் தொடங்கினார்கள். பாதிப் பேருக்கு மேல் அதுவரை ஊராட்சி அலுவலகத்துக்குள் காலெடுத்து வைத்திராதவர்கள்.